நாயின் ரத்தத்தில் பத்தொன்பது

ஓமேர் மாமாவை ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வைப்பதைவிட அவருடைய நாயை மாடி ஏற வைப்பது சுலபம் என்று ரோலன் அடிக்கடி சொல்வான். அந்த நாய் பிறந்ததிலிருந்து நாலு படிக்கு மேல் ஏறியதில்லை.

நாயின் பெயர் டிலூ. பிரெஞ்சில் குட்டி ஓநாய் என்று அர்த்தம். தரையைக் கூட்டும் காதும், தொங்கும் கன்னமும், குட்டைக் கால்களில் ஒரு பீப்பாயைப் படுக்க வைத்தது மாதிரி உடம்புமாக இருந்த அந்தப் பிராணியைப் பார்த்தால் ஓநாய்கள் மானநஷ்ட வழக்குப் போடும். மாமி இறந்தபிறகு மாமாவுக்கு எல்லாமே அவன்தான். ஒரே தட்டில் சாப்பிடவில்லையே தவிர, ஒரே சட்டியில் சமைத்ததைத்தான் இருவரும் சாப்பிட்டார்கள்.

ஊன்சாக்கெட் என்ற பழைய மில் ஊரில், மில் தெருப் பக்கம் இருக்கிற மற்ற வீடுகளைப் போல மாமாவின் வீடும் மூன்றடுக்கு மரவீடு. அவருடைய அப்பா முதல் உலகப்போருக்கு முன்னால் கட்டியது. கீழ்த்தளத்தில் மாமாவும் டிலூவும். நடுத்தளத்தில் மாமா சேர்த்து வைத்திருந்த ஓடாத வானொலிப் பெட்டிகள். மேல்தளத்தில் அவருடைய அக்கா மகன் ரோலன், அவன் மனைவி நொயெல்லா, இரண்டு வயது மகள் சிமோன். ரோலனுக்கு அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடச் செருப்பிலிருந்து கல்யாணக் கோட்டு வரை வாங்கித் தந்தது மாமாதான். அதனால் அவர் முன்னால் ரோலனுக்குக் குரல் எழும்பாது. நொயெல்லாவுக்கு எழும்பும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைத்துவிடுவாள். ஆனால் அந்தப் பார்வை மாமாவிடம் மட்டும் பலிக்கவில்லை.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் சிமோனுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மறுவாரம் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். நர்ஸ் ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"ரத்தத்துல ஈயம் இருக்கு. பத்துக்குள்ள இருக்கணும். உங்க பொண்ணுக்குப் பத்தொம்போது."

"ஈயமா? எங்கேருந்து?"

"பழைய வீடா?"

"ரொம்பப் பழசு."

"ஜன்னலைத்தான் முதல்ல பாருங்க. அந்தக் காலத்து பெயின்ட்ல ஈயம் கலந்திருப்பாங்க. ஜன்னலை ஏத்தி இறக்குறப்பல்லாம் அது அரைபட்டு மாவா உதிரும். கண்ணுக்கே தெரியாது. குழந்தை கையை வைக்கும், கை வாய்க்குப் போகும்."

நொயெல்லாவுக்குச் சிமோன் ஜன்னலோரம் நிற்பது கண்ணில் வந்தது. பனி வாரும் வண்டி வருகிறதா என்று பார்க்க நாற்காலியில் ஏறி நிற்பாள். வண்டி வரும்வரை ஜன்னல் கட்டையை எலி மாதிரிக் கடித்துக்கொண்டிருப்பாள். கட்டையில் அவளுடைய பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது. போன மாதம் அதைப் பார்த்துச் சிரித்து, ரோலன் போட்டோ எடுத்து வைத்திருந்தான்.

"இதனால என்ன ஆகும்?"

"வெளியில ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பு, பேச்சு, பொறுமை எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா."

"யாராவது வீட்டுக்கு வந்து பார்ப்பாங்களா?"

"இருபது இருந்தா நாங்களே ஆள் அனுப்பிடுவோம். வீட்டுக்காரரும் தட்ட முடியாது. பத்தொம்போதுக்கு, என்ன சாப்பிடக் குடுக்கணும்னு போட்டிருக்கிற இந்தத் துண்டுக் காகிதம்தான்."

"ஒண்ணு குறைஞ்சுபோச்சு."

"குறைஞ்சது நல்லதுதானம்மா" என்றாள் நர்ஸ். நொயெல்லாவுக்கு அது நல்லதாகப் படவில்லை.

அன்று மாலையே மாமாவிடம் போனார்கள். அவர் டிலூவின் காதுக்குள் எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நொயெல்லா நீட்டிய துண்டுக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"நாப்பது வருஷம் கம்பளி மில்லுல சாயப்பட்டறை மேஸ்திரியா இருந்தவன் நான். எனக்குச் சாயத்தைப் பத்திச் சொல்லித்தர வந்துட்டியா? இந்த வீட்லதான் பொறந்தேன். இதே ஜன்னலை நானும் கடிச்சேன். எனக்கு என்ன ஆயிடுச்சு, சொல்லு பார்ப்போம்."

நொயெல்லா வாயைத் திறந்தாள். ரோலன் அவள் காலை மிதித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்லாமல் விழுங்கிய அந்த ஒரு பதிலை மூன்று நாள் ரோலனிடம் சொல்லித் தீர்த்தாள்.

சனிக்கிழமை காலை மாமா ஒரு வாளி வெள்ளைப் பெயின்டோடு மேலே வந்தார். ஜன்னல் கட்டை, சட்டம், விளிம்பு என்று எல்லாவற்றின்மேலும் கெட்டியாக அடித்தார். போன கோடையில் செத்த ஒரு ஈ அங்கேயே கிடந்தது. அதையும் சேர்த்து அடித்ததில் ஈ வெள்ளையாகி ஜன்னலோடு ஜன்னலாக ஒட்டிப்போனது.

"முடிஞ்சுது. இனிமே உன் ஈயம் வெளிய வரட்டும் பார்ப்போம்."

வந்தது. மார்ச் கடைசியில் வெயிலடித்த முதல் நாள், பெயின்ட் காய்ந்து இறுகிக் கிடந்த ஜன்னலை ரோலன் கைமுட்டியால் குத்தித் திறந்தான். பழைய பெயின்டும் புதுப் பெயின்டுமாகப் பொரிந்து பாதித் தரையில் கொட்டியது. அன்றிலிருந்து நொயெல்லா தினமும் இரண்டு வேளை ஈரத்துணியால் தரையையும் ஜன்னலையும் துடைத்தாள். சிமோனின் கையைக் கழுவிக் கழுவி அதில் தோல் சுருங்கிப்போனது. நாற்காலியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். அப்படியும் ஏப்ரலில் எடுத்த பரிசோதனையில் அதே பத்தொன்பது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காகிதத்தை நாலாக மடித்து அவள் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதே நாள் டிலூவுக்கு ஊசி போடவேண்டிய நாள். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கார் ஓட்டக்கூடாது. நொயெல்லாதான் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்பது பேச்சுக்குத்தான். அவளும் ரோலனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனைத் தூக்கி காருக்குள் ஏற்றினார்கள். கால்நடை மருத்துவர் பினோ ஊசியைப் போட்டுவிட்டு டிலூவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இவனுக்கு நோய் ஒண்ணும் இல்ல. சோபாவுக்கு உயிர் வந்தா இப்படித்தான் இருக்கும். தீனியைக் குறைக்கச் சொல்லுங்க."

திரும்பி வந்தபோது மாமா முன்வாசல் படியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். போன நேரத்திலிருந்து அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும், மூக்கு சிவந்திருந்தது.

"என்ன சொன்னார்?"

தீனியைக் குறைக்கச் சொன்னார் என்று சொல்லத்தான் நொயெல்லா வாயெடுத்தாள். கோட்டுப் பைக்குள் இருந்த கையில் அந்த நாலு மடிப்புக் காகிதம் தட்டுப்பட்டது.

"ரத்தத்துல ஈயம் இருக்காம் மாமா."

சொன்னது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வாழ்க்கையில் அவள் சொன்ன பெரிய பொய், வேலைக்குச் சேரும்போது எடையைக் குறைத்து எழுதியதுதான்.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் டாக்டர் கழற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"எவ்வளவு?"

"பத்தொம்போது."

"அது நிறையவா?"

"பத்துக்குள்ள இருக்கணுமாம்."

"அப்படின்னா ரெண்டு மடங்கு."

"கிட்டத்தட்ட."

பிப்ரவரியில் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை என்பதை நொயெல்லா கவனித்தாள். கவனித்ததும் அவளுடைய குற்ற உணர்ச்சி கொஞ்சம் இளைத்தது.

"எங்கேருந்து வந்துச்சாம்?"

"அவன் எங்க படுப்பான்?"

"ஹால் ஜன்னலுக்குக் கீழ" என்றார் மாமா. சொல்லிவிட்டு மெல்லத் திரும்பி அந்த ஜன்னலைப் பார்த்தார். பிறகு டிலூவின் இரண்டு காதுகளையும் கையால் பொத்தினார், அவன் கேட்டுவிடக்கூடாது என்பது போல.

சாயங்காலம் மேல்தளத்துக் கதவு தட்டப்பட்டது. மாமா இரண்டு மாடி ஏறிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அந்தக் காகிதம் இன்னொண்ணு இருக்கா? என்ன சாப்பிடக் குடுக்கணும்னு போட்டிருந்துச்சே."

"உங்களுக்கு அப்பவே ஒண்ணு குடுத்தேனே மாமா."

"அது பெயின்ட் டப்பாவுக்குக் கீழ வச்சுட்டேன்."

இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, ஆரஞ்சு என்று அந்தக் காகிதத்தில் போட்டிருந்தது. குழந்தைகளுக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை மாமா பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து டிலூவுக்குக் காலையில் மாட்டு ஈரல், மத்தியானம் ஈரல், மாலையில் ஒரு கிண்ணம் பால். ஆரஞ்சுச் சுளையை ஈரலுக்குள் ஒளித்துக் கொடுத்தார். டிலூ தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மூன்றாம் நாள் அவன் வயிறு வேலையைக் காட்டியது. ஒரு வாரம் அந்த வீட்டின் பின்பக்கம் தபால்காரர்கூட வரவில்லை.

"பாரு, எப்படி வாடிட்டான்" என்று மாமா கண்கலங்கினார். "ஈயம் உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு பாரு."

மேலே வந்ததும் ரோலன் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான். "இது பாவம் இல்லையா நொயெல்?"

"பாவம்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"ஃபாதர் மாமாவோட சீட்டாடுறவர்."

"அப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயில்ல சொல்றேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் மத்தியானம் அவள் முடிவே செய்துவிட்டாள். பேருந்தை நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து இயந்திரம் உறுமும் சத்தம் கேட்டது. ஓடினாள். மாமா மரத்தைத் தேய்க்கும் மின் இயந்திரத்தை யாரிடமோ இரவல் வாங்கி, ஹால் ஜன்னல் சட்டத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார். மூக்கில் ஒரு கைக்குட்டை. டிலூவின் முகத்தில் இன்னொரு கைக்குட்டை. அறையே மாவு மில் மாதிரி இருந்தது.

நொயெல்லா மின்கம்பியைப் பிடுங்கினாள்.

"என்ன மாமா பண்றீங்க? காஞ்ச பெயின்டைத் தேய்க்கவே கூடாது. ஜன்னல்ல ஒட்டிட்டிருந்த விஷத்தைத் தூளாக்கி வீடு பூரா தூவிட்டிருக்கீங்க. சிமோன்..."

"அது கீழ்வீட்டுத் தூள்தானே, மேல எதுக்கு வரப்போகுது" என்று மாமா கம்பியைத் தேடினார்.

நொயெல்லா மூச்சை இழுத்துவிட்டாள். "டிலூ மூச்சுல போகும் மாமா."

மாமாவின் கை நின்றது. இயந்திரத்தைக் கீழே வைத்தார். டிலூவைத் தூக்க முயன்று, முடியாமல், இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

மந்திரம் பிடிபட்டுவிட்டது. அதற்குப்பிறகு நொயெல்லா சிமோனின் பேரையே எடுக்கவில்லை. இதை நாம் செய்யக்கூடாது, இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், டிலூவுக்கு அதுதான் நல்லது என்றாள்; மாமா போன் செய்தார். கீழ்த்தளம் மட்டும் போதாதா என்று அவர் இழுத்தபோது, "தூள் மேலேருந்து கீழதானே மாமா இறங்கும், டிலூ எல்லாத்துக்கும் கீழ இருக்கான்" என்றாள். மூன்று தளமும் பட்டியலில் சேர்ந்தது. வெளி வராந்தாக் கைப்பிடியை ரோலன் ஞாபகப்படுத்தினான். "டிலூ அதை நக்குவான் மாமா." இருபத்தேழு வருஷத்தில் மாமாவிடம் அவன் துணிந்து பேசியது அதுதான் முதல் தடவை. அவனுக்கே அது பிடித்துப்போய், அன்று முழுவதும் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

வந்தவள் ஜொவானா மெடெய்ரோஸ். ஃபால் ரிவர் என்ற ஊர்க்காரி, போர்த்துகீசியக் குடும்பம், ஐம்பது வயது. இருபது வருஷமாகப் பழைய வீடுகளில் ஈயப் பெயின்டை எடுக்கிற வேலை. கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாள். அதைச் சுவரில் வைத்து அழுத்தினால் உள்ளே எவ்வளவு ஈயம் என்று எண் காட்டும். மாமா அவள் பின்னாலேயே போனார்.

"இந்த மேல்மாடி ஜன்னல்ல உங்க மெஷினுக்கு ஒண்ணும் கிடைக்காது. பிப்ரவரியிலதான் நானே பெயின்ட் அடிச்சேன்."

ஜொவானா கருவியை வைத்து அழுத்தினாள். அது கத்தியது.

"இது மேல போட்டிருக்கிற சட்டையைப் பார்க்காது. எக்ஸ்ரே மாதிரி எலும்பைப் பார்க்கும்." அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். "இது என்ன, ஈயா?"

மாமா அடுத்த ஜன்னலைக் காட்டினார்.

ஈயம் இருக்கிற இடத்திலெல்லாம் ஜொவானா நீல டேப்பில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டே போனாள். கதவு நிலை, படிக்கட்டு, கைப்பிடி, எல்லா ஜன்னலும். ஒரு மணி நேரத்தில் வீடு அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது போல நின்றது. மாமா ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பார்த்துச் சிறுத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஜொவானா அட்டையில் காகிதம் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"நாய் இருக்கு" என்றார் மாமா.

"ரெண்டு வயசுப் பொண்ணும் இருக்கா" என்றாள் நொயெல்லா.

ஜொவானா மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

வேலை முடிகிறவரை பத்து நாள் யாரும் வீட்டில் இருக்கக்கூடாது. நகரசபையின் உதவித் திட்டத்தில் சேர்த்துவிட்டு ஜொவானாவே நாளும் குறித்தாள். எல்லோரும் ரோலனின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். வெள்ளை உடை போட்ட ஆட்கள் கதவு வாசலெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து, மரத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்துச் சுரண்டினார்கள். பழைய ஜன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்து, பொட்டலம் கட்டி வெளியே எடுத்தார்கள். சிமோன் தெருவிலிருந்து பார்த்து அவர்களைப் பனி மனிதர்கள் என்று நினைத்துக் கையசைத்தாள்.

ஆறாம் நாள் நொயெல்லா காலைச் சுற்றை முடித்து, காலிப் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்துமிடத்தில் நிறுத்தினாள். கண்ணாடியில் மாமா தெரிந்தார். கையில் சங்கிலி, சங்கிலி முனையில் டிலூ. அவள் கதவைத் திறந்தாள். மாமா ஏறினார். டிலூ மூன்று படியையும் ஒவ்வொன்றாக யோசித்து ஏறினான்.

மாமா முதல் இருக்கையில் உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகளின் இருக்கை. முழங்கால் நெஞ்சைத் தொட்டது.

"பினோ டாக்டருக்கு போன் பண்ணினேன்" என்றார். "மறுபடி எப்ப ரத்தம் எடுக்கணும்னு கேட்டேன்."

நொயெல்லா சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள்.

"எந்த ரத்தம்னு கேக்கறார். அவர் எடுக்கவே இல்லையாம். கொழுப்பு மட்டும்தான் ஜாஸ்தியாம்."

"ஆமா மாமா."

"அப்ப பத்தொம்போது யாரோடது?"

அவள் கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். மடிப்புகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு அருகே கொண்டுபோய் மாமா பேரைப் படித்தார். தேதியைப் படித்தார். திரும்ப மேலே போய்ப் பேரைப் படித்தார்.

"இதை எங்கிட்ட நீ சொன்னே."

"பிப்ரவரியில சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க பெயின்ட் அடிச்சீங்க."

டிலூ இருக்கைகளுக்கு நடுவே யாரோ பிள்ளை சிந்திய பிஸ்கட் தூளை நக்கிக்கொண்டிருந்தான். மாமா காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க நொயெல்லாவுக்குச் சங்கடமாக இருந்தது. திட்டினால் தேவலாம் போலிருந்தது.

"சின்னக் குழந்தை" என்றார் மாமா. அதற்குமேல் அந்த வாக்கியம் போகவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அநியாயமா ஈரலைப் போட்டு நாயோட வயித்தைக் கெடுத்துட்டேன்."

"மன்னிச்சுக்குங்க மாமா."

"எங்கிட்ட பொய் சொல்லியிருந்தாக்கூட மன்னிப்பேன். டிலூவை வச்சுப் பொய் சொன்னே பாரு, அதை மன்னிக்கிறதுக்கு எனக்கு மனசு வரல."

இறங்கும்போது டிலூவைத் தூக்க ஒரு கை தேவைப்பட்டது. நொயெல்லா பின்பக்கத்தைப் பிடித்தாள். இருவருமாக அவனைத் தரையில் இறக்கினார்கள்.

வேலையை மாமா நிறுத்திவிடுவாரோ என்று ரோலன் பயந்தான். நிறுத்தவில்லை. அன்று மத்தியானமே போய், நடுத்தளத்தில் வானொலிகளுக்குப் பின்னால் இருந்த, பட்டியலில் விட்டுப்போன ஒரு சின்ன ஜன்னலை ஜொவானாவுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் நொயெல்லாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வீடு திரும்பியபிறகு சொல்லவேண்டியது எதுவாக இருந்தாலும் நாயிடம்தான் சொல்வார்.

"டிலூ, மேல் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, குப்பை வண்டி நாளைக்கு இல்லையாம்."

"டிலூ, மாமாகிட்ட சொல்லு, கேட்டுக்கிட்டேன்" என்பாள் நொயெல்லா.

டிலூ இருவரையும் மாறி மாறிப் பார்ப்பான். இரண்டு பக்கமிருந்தும் தின்பதற்கு ஒன்றும் வராததால் படுத்துவிடுவான்.

ஜூலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிமோனுக்குப் பதின்மூன்று வந்தது. ரோலன் படியிலேயே நின்று கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "டிலூ, பதிமூணாம்" என்று மாமா நாயிடம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மேல்தளத்து வாசலில் ஒரு தட்டு வந்து உட்கார்ந்திருந்தது. சுடச்சுட ஈரல் வறுவல், மேலே வெங்காயம். தொட்டுப் பார்த்த சிமோன் முகத்தைச் சுளித்து, வாயில் போட்டு, இன்னொன்று கேட்டாள். அதிலிருந்து வாரம் இரண்டு தடவை தட்டு வந்தது. வந்த தட்டை நொயெல்லா கழுவி, கீழ்ப்படியில் வைத்துவிட்டு வருவாள்.

இதற்கிடையில் மாமா தெருவுக்கே ஈய நிபுணராகிவிட்டார். தேவாலயத்து விருந்துகளில் கோழிக்கறிக்கும் பாஸ்தாவுக்கும் நடுவே எழுந்து, தண்ணீர் தெளிக்காமல் சுரண்டுகிறவன் கொலைகாரன் என்று பேசினார். தான்தான் ஆபத்தை முதலில் கண்டுபிடித்ததாகவும், மேல் வீட்டார் முதலில் நம்பவில்லை என்றும் சொல்லிக்கொண்டார். ரோலன் நொயெல்லாவின் காலை மிதித்தான். அவசியமே இருக்கவில்லை, அவள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்திருந்தாள்.

டிசம்பரில் சிமோனுக்கு எட்டு வந்தது. அன்று மாலை கதவைத் தட்டிக்கொண்டு மாமா வந்தார். நாய் இல்லாமல் வந்திருந்தார். நேராக நொயெல்லாவைப் பார்த்தார்.

"எதிர்வீட்டு மதாம் ஃபோந்தேன் இருக்காளே. அவ மேல்மாடியில குடியிருக்கிறவங்களுக்குப் போன மாசம் குழந்தை பொறந்திருக்கு. ஜன்னலை மாத்துன்னு நாலு தடவை சொல்லிட்டேன். என்ன சொல்றா தெரியுமா? 'நான் பொறந்ததே இந்த வீட்லதான், எனக்கு என்ன ஆயிடுச்சு'ங்கறா." மாமாவுக்கு மூச்சு வாங்கியது. "இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா?"

"கேள்விப்பட்டதே இல்ல மாமா" என்றாள் நொயெல்லா. ரோலன் பாத்திரம் கழுவுகிற பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட நாய் இல்ல."

"தெரியும்."

"கிளி ஒண்ணு இருக்கு. பதினாலு வயசு. அதுகூடத்தான் சாப்பிடுறா, அதுகூடத்தான் ஜெபம் சொல்றா. கூண்டு ஜன்னல்ல தொங்குது."

நொயெல்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றது தப்புன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க."

"நாயை வச்சுச் சொல்றதுதான் தப்புன்னேன். கிளியைப் பத்தி நான் எப்ப பேசினேன்?"

அடுத்த வசந்தத்தில் மதாம் ஃபோந்தேனின் வீட்டு ஜன்னல்களும் மாறின. ஜொவானாவின் ஆட்கள் வேலை செய்த பத்து நாளும் அந்தக் கிளி ஓமேர் மாமாவின் சமையலறையில்தான் விருந்தாளியாக இருந்தது. டிலூவின் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொண்டு, அவனைத் தூங்கவிடாமல் படுத்தியது. மதாம் எப்படிச் சம்மதித்தாள் என்பதைப்பற்றி மாமா ஒரு விதமாகச் சொல்வார், நொயெல்லா வேறு விதமாகச் சொல்வாள். இரண்டில் எது நடந்தது என்று ரோலனைக் கேட்டால், அவன் கூரையைப் பார்ப்பான்.